கூடாரம்போல் நின்ற குரோம்புக்

டார்லா குரோம்புக்கைப் பின்பக்கமாக மடித்து, சாப்பாட்டு மேசைமேல் கூடாரம்போல நிறுத்தினாள்.

விசைகள் அவள் பக்கம் இருந்தன. இரண்டு மூன்றைத் தட்டிப் பார்த்தாள். ஒன்றும் நடக்கவில்லை. அணைந்துவிட்டது என்று நினைத்தாள்.

அவளைக் குறை சொல்லாதீர்கள். நீங்களும் நானும்கூட அப்படித்தான் நினைத்திருப்போம்.

பள்ளிக்கூடம் பிள்ளைகளுக்குக் கொடுத்த சின்ன மடிக்கணினி அது. ரொட்டித் தட்டு அளவுக்குக்கூடக் கனமில்லை. காலையில் சார்ஜ் போட்டால் ராத்திரிவரை தாங்கும். எந்தப் பக்கமும் மடங்கும். உள்பக்கம் மடித்தால் முழுக்கத் தூங்கிவிடும். பின்பக்கம் மடித்தால் விசைகள் மட்டும்தான் தூங்கும்.

இவ்வளவு நேரமும் அதில்தான் ஜூனியின் வகுப்பாசிரியர் ஹேகன் வீடியோ அழைப்பில் பேசிக்கொண்டிருந்தார். உங்கள் மகள் வகுப்பில் வாயே திறப்பதில்லை என்று கவலைப்பட்டார். கடைசியில் ஏதோ கேட்டார். அடுப்பில் சோளரொட்டி கருகும் வாசனை வந்துவிட்டது. டார்லா சரி சரி, தாராளமாக என்று சொல்லிவிட்டு எழுந்தாள்.

மேசையின் மறுபக்கம் ஜூனி உட்கார்ந்திருந்தாள். பாட்டிலைக் காட்டி லேசாக உதட்டைத் திறந்தாள்.

"கெச்சப்தானே, இந்தா கண்ணு" என்று டார்லா எடுத்துக் கொடுத்தாள்.

டார்லாவின் அண்ணன் வெஸ்லி கரி லாரியை வாசலில் நிறுத்திவிட்டு வந்து கை கழுவிக்கொண்டிருந்தான்.

"என்னவாம் வாத்தியாருக்கு? அந்தத் தட்டுக்குள்ள இருந்துக்கிட்டு ரொம்ப நேரமா இழுத்துக்கிட்டிருந்தாரே."

டார்லா நிமிர்ந்து நின்று, இல்லாத டையைச் சரிசெய்துகொண்டாள். "மி-மி-மிஸஸ் ஸ்டம்போ, உங்க ஜூ-ஜூ-ஜூனி பே-பே-பேசவே மாட்டேங்கிறா."

வெஸ்லி சிரித்த சிரிப்பில் தண்ணீர் தரையெல்லாம் தெறித்தது. "அந்தாளு எல்லாப் பிள்ளைங்க பேரையும் கூப்பிட்டு முடிக்கிறதுக்குள்ள சாப்பாட்டு மணி அடிச்சிருமே, டார்லா."

அண்ணன் சிரித்ததில் அவளுக்கு உற்சாகம் வந்துவிட்டது. இன்னொருமுறை செய்து காட்டினாள். இந்தத் தடவை ஒரு பக்கக் கன்னத்தையும் துடிக்க வைத்தாள்.

பிறகு சோளரொட்டியை எடுத்துக்கொண்டு மேசையைச் சுற்றி வந்தாள்.

குரோம்புக்கின் திரை ஒளிர்ந்துகொண்டிருந்தது.

ஹேகன் அங்கேயே இருந்தார். கண்ணாடியைக் கழற்றி, சட்டை நுனியால் துடைத்துக்கொண்டிருந்தார். துடைத்ததையே மறுபடியும் துடைத்தார்.

அவர் கடைசியில் கேட்டது டார்லாவுக்கு இப்போதுதான் மண்டையில் ஏறியது. என்னிடம் மட்டும் ஜூனி தனியாக வாசித்துக் காட்டுகிறாள், இன்றைய பக்கத்தை இப்படியே கேட்டுவிட்டுப் போகட்டுமா என்றல்லவா கேட்டிருந்தார்.

டார்லா வாய் திறந்தாள். சொல் வரவில்லை. கையில் சோளரொட்டி சுட்டது. அதைக் கீழே வைக்கவும் தோன்றவில்லை.

ஜூனி எழுந்தாள். அம்மாவைப் பார்க்கவில்லை. ஒரு கையில் புத்தகம். மறு கையால் குரோம்புக்கை அப்படியே தூக்கிக்கொண்டாள். கனமே இல்லையே, பிள்ளைக்கு ஒரு கை போதும். வெளியே போய்க் கதவைச் சாத்தினாள்.

அந்த வீட்டு இணையம் வாசலின் கடைசிப் படிவரைதான் எட்டும். அதைத் தாண்டினால் குரோம்புக் நிஜமாகவே வெறும் தட்டு.

ஜூனி அந்தக் கடைசிப் படியில் போய் உட்கார்ந்தாள்.

வெஸ்லி சிரிப்பை எங்கே வைப்பதென்று தெரியாமல் கைத்துண்டைத் தேடினான். டார்லா கதவுக் கண்ணாடி வழியாகப் பார்த்தாள்.

ஜூனி புத்தகத்தை விரித்தாள். முதல் சொல்லிலேயே உதடு நின்றுவிட்டது. தாடை நடுங்கியது. ஒரு பக்கக் கன்னம் துடித்தது, சற்றுமுன் டார்லா துடிக்க வைத்தாளே, அதேபோல.

இந்த இடத்தில் எப்போதும் அந்தச் சொல்லை டார்லாதான் எடுத்துக் கொடுப்பாள்.

ஹேகன் எடுத்துக் கொடுக்கவில்லை. காத்திருந்தார்.