இடது பக்கத்து சீட்

சீட் புங்கமரத்தடியில் கிடந்தது.

அவள் அதைத்தான் முதலில் பார்த்தாள். வேனை அப்புறம்தான் பார்த்தாள்.

அது அந்த வேனின் சீட். டிரைவருக்கு இடது பக்கம், முன் கண்ணாடிக்கு நேராக இருந்தது. அதற்கு உறை தைத்தவள் அவள். மயில்கழுத்து நிறத்தில் கெட்டித் துணி, ஓரமெல்லாம் இரட்டைத் தையல். பதினோரு நாள் கண்ணைக் கெடுத்துக்கொண்டு தைத்தாள்.

கையில் இரண்டு காபி டம்ளர். ஒன்று மெக்கானிக் ரபீக்குக்கு. இன்னொன்று அவள் புருஷன் நல்லமுத்துவுக்கு.

ஒரு மாதமாக ரபீக்கின் பட்டறையில் நின்ற வேன் இன்று காலைதான் பெருந்துறைக்கு வீடு திரும்பியிருந்தது. சாதாரண வேன் இல்லை. கட்டில், அடுப்பு, அலமாரி எல்லாம் உள்ளேயே இருக்கிற வெளிநாட்டு வீட்டு வண்டி. குன்னூரில் ஏதோ ஒரு எஸ்டேட் கொட்டகையில் துருப்பிடித்துக் கிடந்ததை நல்லமுத்து பிடித்துக்கொண்டு வந்தார். அதன் பெட்ரோல் இன்ஜின் செத்துப்போயிருந்தது. டீசல் இன்ஜினும் கியர் பாக்ஸும் மாற்றிவிட்டால் தனுஷ்கோடி வரைக்கும் போகலாம் என்றார். இன்று அங்கேதான் கிளம்புகிறார்கள்.

அவள் கேட்டது ஒன்றே ஒன்றுதான்.

முன்னால் உட்கார வேண்டும்.

இது ஒரு பெரிய ஆசையா? அவளுக்கு அதுதான் ஆசை. அவர் இருபத்தாறு வருடம் பஸ் ஓட்டினார். டிரைவர் பெண்டாட்டி முன்னால் உட்கார்ந்தால் நாலு பேர் நாலு விதமாகப் பேசுவார்கள் என்று அவளை மூன்றாவது வரிசைக்கு அனுப்பினார். ஸ்கூட்டரில் போனாலும் எதிரே அவர் முதுகு. கல்யாணமாகி முப்பத்தெட்டு வருடமாக அவள் பார்த்த ஊரெல்லாம் அவர் தோளுக்கு அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் துண்டு துண்டாகத் தெரிந்த ஊர்தான்.

இந்த வண்டியில் முன்னாலேயே உட்கார், யார் வேண்டாம் என்கிறார்கள் என்று அவரே வாய் திறந்து சொன்னார். அந்த ஒரு வார்த்தையை நம்பித்தான் துணி வாங்கினாள்.

டம்ளர்களைப் படியில் வைத்துவிட்டு இடது கதவைத் திறந்தாள்.

சீட் இருந்த இடத்தில் தரைத் தகடு வெட்டப்பட்டிருந்தது. அந்த ஓட்டை வழியாக இன்ஜின் முட்டிக்கொண்டு நின்றது. மேலே கறுப்பு பெயின்ட் அடித்த தகரப் பெட்டி. ஒரு பிள்ளை உட்காரக்கூட இடமில்லை.

ரபீக் காபியை எடுத்துக்கொண்டு பக்கத்தில் வந்தான். அவள் முகத்தைப் பார்த்ததும் அவனுக்குச் சங்கடமாகிவிட்டது.

"அளவெடுக்கறப்பவே அண்ணங்கிட்டச் சொல்லிட்டனுங்க அக்கா. இந்த இன்ஜின் கியர் பாக்ஸோட சேந்தா நீளம், இடது சீட்ட எடுத்தாத்தான் எறங்கும்னு. சின்ன இன்ஜின் ஒண்ணும் இருந்துச்சுங்க. அண்ணன்தான் அவரு பஸ்ல இருந்த அதே இன்ஜின்தான் வேணும்னுட்டாரு."

எப்போது அளவெடுத்தாய் என்று கேட்டாள்.

ஆடியில் என்றான்.

அவள் துணி வாங்கியது ஐப்பசியில்.

உறையை மாட்டும்போது அவர்தான் மறுமுனையைப் பிடித்துக்கொண்டார். நல்லா இழு, சுருக்கம் விழுகிறது என்றார். இரண்டு பேரும் இழுத்து இழுத்து மாட்டினார்கள். அன்றைக்கும் சீட் போகப்போவதைப் பற்றி அவர் மூச்சு விடவில்லை.

அவளுக்கு ஆத்திரம் வந்தது. சீட் போனதற்குக்கூட இல்லை. பதினோரு நாளும் பக்கத்தில் உட்கார்ந்து பேப்பர் படித்தாரே, அதற்கு.

அவர் சட்டை மாற்றிக்கொண்டு வெளியே வந்தார். பழைய காக்கிச் சட்டை. அவளையும் பார்த்தார், திறந்து கிடந்த கதவையும் பார்த்தார். அவளைத் தாண்டிப் போய் ஸ்டீயரிங் முன்னால் உட்கார்ந்து சாவியைத் திருகினார்.

இன்ஜின் பிடித்தது. வாசலே அதிர்ந்தது. அவர் முகத்தில் அப்படி ஒரு சந்தோஷம். அவளைக் கட்டிய நாளில்கூட அந்த முகம் இல்லை.

"பின்னால கட்டல் இருக்குதல்ல. சொகமாப் படுத்துட்டே வா. ஏறு, நேரமாச்சு."

அவர் காபி படியிலேயே ஆறிக்கொண்டிருந்தது.

இடது கதவைச் சாத்தினாள். வேனின் பின்பக்கம் போனாள். பின்கதவைத் திறந்தாள். கட்டிலின்மேல், அவர் முன்னமே ஏற்றி வைத்த அவள் பையும் அவர் பையும் ஒன்றாகக் கிடந்தன. கட்டுச்சோறு இருந்த தூக்கு அவர் பையை ஒட்டி இருந்தது. அதை அங்கேயே விட்டாள். தன் பையை மட்டும் எடுத்து இறக்கி வைத்தாள்.

ரபீக் என்னவோ சொல்ல வாயெடுத்தான். அவள் பார்த்த பார்வையில் மூடிக்கொண்டான்.

பின்கதவை இழுத்துச் சாத்தினாள். உள்ளங்கையால் தகட்டில் இரண்டு தட்டு தட்டினாள். மூன்றாவது வரிசையில் உட்கார்ந்து எத்தனை கண்டக்டர்கள் வாயில் கேட்டிருப்பாள்! அதே மாதிரி நீட்டிச் சொன்னாள்.

"போலாம்... ரைட்!"

அவர் கிளட்சை விட்டார். வண்டி நகர்ந்தது.

அவர் திரும்பிப் பார்க்கவில்லை. இருபத்தாறு வருடத்தில் எந்த ரைட்டுக்கும் அவர் திரும்பிப் பார்த்ததில்லை. அதை அவர் பெருமையாகவே சொல்வார்.

வேன் முனை திரும்பும் வரை அவள் நின்றாள். வெள்ளக்கோவில் தாண்டி டீக்கு நிறுத்துவார். இரண்டு டீ சொல்லிவிட்டு வந்து பின்கதவைத் திறப்பார்.

புங்கமரத்தடிக்குப் போனாள். சீட்டின் மேலிருந்த பூவைத் தட்டிவிட்டு உட்கார்ந்தாள்.

ரோடு நன்றாகத் தெரிந்தது.