சாம்பல் நிற பேஸ்ட்

காரின் ஆயில் பிரஷர் விளக்கு மூன்றாம் முறையும் எரிந்ததும் மெக்கானிக் செல்லப்பாண்டிக்கு எரிச்சல் தலைக்கேறியது. ஆயிலை மாற்றியாயிற்று, சென்சாரையும் மாற்றியாயிற்று. நான்கு மணிக்குள் அந்தக் காரில் கணவரை டயாலிசிஸுக்குக் கூட்டிப்போக வேண்டிய ஜெசிந்தா பக்கத்திலேயே நின்றாள். அவன் காருக்கு அடியில் படுத்து, பல்லைக் கடித்துக்கொண்டு ஆயில் தேங்கும் சேம்பரைக் கழற்றினான். ஆயிலை உறிஞ்சும் வலை முழுக்க சாம்பல் நிறத் துணுக்குகள் அடைத்திருந்தன. போன மாதம் சேம்பர் விளிம்பில் ஆயில் ஒழுகலை நிறுத்த அவனே அள்ளிப் பூசிய பேஸ்ட், உள்ளே பிதுங்கி உதிர்ந்திருந்தது.

"என்னண்ணே, தெரிஞ்சுதா?"

"தெரிஞ்சிருச்சும்மா."

"நான் ஓட்டுனதுலதான் கெட்டுப்போச்சா?"

செல்லப்பாண்டி துணுக்குகளை உள்ளங்கையில் வைத்துப் பொத்தினான். சக்கரத்தை ஒட்டி அவளுடைய செருப்புக் கால்கள் அசையாமல் நின்றன.

"சொல்லுங்கண்ணே."