குட்டி மேடம்

அந்தப் பெண்ணை இன்றைக்கு நாலு வார்த்தை கேட்டுவிடுவது என்று அவர் முடிவு பண்ணியிருந்தார்.

காரில் ஏறும்போதே மனைவிக்கு அது தெரிந்துவிட்டது போலிருக்கிறது. "நீங்க அங்க வாயைத் திறக்கவே கூடாது. கையெழுத்து அவ கையில இருக்கு," என்றாள்.

நியாயம்தான். பிள்ளைகள் வேலைக்குப் போன பிறகு, நாற்பத்தைந்து வயதில் மாலைக் கல்லூரியில் சேர்ந்து கணக்கியல் படிக்கிறாள். பட்டம் வேண்டுமென்றால் ஒரு ஆடிட்டர் ஆபீசில் ஆறு மாதம் பயிற்சி எடுத்து, தனியாக வேலை பார்க்கத் தெரியும் என்று மேற்பார்வையாளரிடம் கையெழுத்து வாங்க வேண்டும். இது கடைசி வாரம். கையெழுத்து இன்னும் விழவில்லை.

மேற்பார்வையாளர் யாரென்றால், இவர்களுடைய மூத்த மகளைவிடச் சின்னப் பெண். ஆபீசில் அவளுக்குக் குட்டி மேடம் என்று பெயர். ஆள் முழம் என்றால் வாய் ரெண்டு முழம் என்று அவருக்குக் கேள்வி.

நேற்று மாலை மனைவி சிவந்த கண்ணோடு வந்தாள். தோண்டித் துருவியதில் விஷயம் வெளியே வந்தது. ஏதோ அட்டைப்பெட்டிக் கம்பெனியின் கணக்காம். குடோனில் மலையாகக் கிடந்த பெட்டிகளின் மதிப்பை இவள் பாதிக்கும் கீழே குறைத்து எழுதியிருக்கிறாள். அது ஏன் என்று குட்டி மேடம் கேட்டிருக்கிறாள். பதில் சொன்னாலும் விடவில்லை. கேள்விக்கு மேல் கேள்வி. கடைசியில் மேஜையைத் தட்டி, "உங்க வீட்டுக் காசா போகுது?" என்றாளாம். அதுவும் எல்லாரும் கிளம்பிப் போகட்டும் என்று காத்திருந்து.

"சாட்சி இருக்கக் கூடாதுன்னு பார்த்திருக்கா," என்று அவர் கொதித்தார். "பெத்த பொண்ணு மாதிரி இருந்துக்கிட்டு பேசற பேச்சா இது?"

"மாதிரிதானே? பொண்ணு இல்ல, மேடம்," என்றாள் மனைவி, மூக்கை உறிஞ்சிக்கொண்டே.

இன்றைக்கு அந்தக் கணக்கை முதலாளியிடமே காட்டி விளக்க வேண்டும். அட்டைப்பெட்டிக் கம்பெனி வாசலில் குட்டி மேடம் காத்திருந்தாள். காரிலிருந்த ஃபைல் பைகள் இரண்டையும் தானே எடுத்து, தோளுக்கு ஒன்றாக மாட்டிக்கொண்டாள். அவர் வாயைத் திறந்தார். மனைவி பார்த்த பார்வையில் மூடிக்கொண்டார்.

முதலாளி இவர்களைப் பார்ப்பது அதுதான் முதல் தடவை. நேராக மனைவியிடம் வந்து, "வாங்க மேடம், உள்ள வாங்க," என்றார். பிறகு பின்னால் திரும்பி, "பாப்பா, பையை அந்த மூலையில வச்சிட்டு நீயும் உட்காரு."

மனைவி பதறித் திருத்தப் போனாள். குட்டி மேடம் வேண்டாம் என்று லேசாகத் தலையை ஆட்டிவிட்டு, சமர்த்தாக மூலையில் போய் உட்கார்ந்தாள்.

அவருக்கு வெளியே பெஞ்சில் இடம் கிடைத்தது. கதவு பாதி திறந்திருந்தது. மூடியிருந்தாலும் முதலாளியின் குரல் கேட்டிருக்கும்.

யாரைக் கேட்டு ஸ்டாக் மதிப்பைக் குறைத்தீர்கள், லாபம் சுருங்கினால் பேங்கில் எனக்கு எவன் கடன் கொடுப்பான் என்று ஆரம்பித்தார். போகப் போகச் சத்தம் ஏறியது. மேஜைமேல் படாரென்று ஒரு அடி விழுந்தது.

"உங்க வீட்டுக் காசா போகுது?"

பெஞ்சில் இருந்தவருக்குத் தூக்கிவாரிப் போட்டது. அதே வார்த்தை. மனைவி அழப்போகிறாள் என்று எழுந்து எட்டிப் பார்த்தார்.

அவள் ஒரு வாய் தண்ணீர் குடித்தாள்.

"சார், அந்தப் பெட்டியெல்லாம் நானே நின்னு எண்ணினேன். எல்லாத்துலயும் ஒரு பிஸ்கட் கம்பெனி பேரு அச்சடிச்சிருக்கு. அந்தக் கம்பெனியை மூடியாச்சு. இனிமே அதை யாரு வாங்குவா? பழைய அட்டைன்னு எடைக்குத்தான் போடணும். எடைக்குப் போட்டா என்ன வருமோ, அதைத்தான் கணக்குல காட்ட முடியும்."

முதலாளி வேறு பக்கமாக வந்தார். இந்த ஒரு வருஷம் மட்டும் கண்டும் காணாமல் விட்டால் குடியா முழுகிவிடும்? அதற்கும் குரல் உயராமல் பதில் வந்தது. பேங்க்காரர் ஒருநாள் குடோனைத் திறந்து பார்த்தால், சரியாக இருக்கிற கணக்கையும் சேர்த்து நம்பமாட்டார் என்றாள்.

முதலாளி அந்தக் கணக்கை மறுபடி ஒரு தடவை புரட்டிப் பார்த்தார். பிறகு ஆளைக் கூப்பிட்டு மேடத்துக்கு டீ சொன்னார். பாப்பாவுக்கும் ஒன்று.

வெளியே வந்ததும், காரின் முன்பக்கத்தில் காகிதத்தை வைத்துக் குட்டி மேடம் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தாள். மனைவி அதைக் கையில் பிடித்தபடி அப்படியே நின்றாள். மை காய்ந்த பிறகும் ஊதிக்கொண்டிருந்தாள்.

அவருக்குப் பொறுக்கவில்லை. "ஏம்மா, நான்தான் மேடம்னு உள்ள நீ ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே?"

"சொல்லியிருந்தா எல்லாத்தையும் என்கிட்டதான் கேட்டிருப்பாரு, சார். கையெழுத்து அக்காவுக்குத்தானே வேணும்?"

"அது சரி. அவர் இதைத்தான் கேப்பாருன்னு நேத்தே உனக்கு எப்படித் தெரியும்?"

"கம்பெனிதான் மாறும் சார், கேள்வி மாறாது." பையின் வாரைச் சரிசெய்தபடி கொஞ்சம் தயங்கினாள். "என் பயிற்சியில முதல் தடவை ஒரு முதலாளி இப்படி மேஜையைத் தட்டினப்போ, பத்துப் பேர் முன்னாடி அழுதுட்டேன். அக்கா அழறதா இருந்தா, என் ஒருத்தி முன்னாடி அழுது முடிச்சிடட்டும்னு நினைச்சேன்."