கோடுதான்

தன்னுடைய எக்ஸ்ரே அறிக்கையைக் கணவர் படித்து முடிக்கும்வரை மனைவி காத்திருந்தாள்.

“என்னங்க போட்டிருக்கு? எனக்குத்தான் இங்கிலீஷ் வராதே.”

“நுரையீரல்ல ‘லீனியர்’னு போட்டிருக்கு.”

“அப்படின்னா?”

“நேர்கோடு மாதிரின்னு அர்த்தம். டாக்டருங்க அப்படி எழுதினா, என்னைக்கோ வந்த சளி ஆறிப்போன தழும்பு. அவ்வளவுதான்.”

“கோடா இல்லாம இருந்தா?”

“உருண்டையா இருந்தாத்தான் வயித்துல புளியக் கரைக்கும். உனக்குக் கோடுதான்.”

“நல்லவேளை” என்றாள். சற்றுக் கழித்து, “நாளையிலிருந்து நீங்களும் அடுப்படிக்கு வாங்க. சமையல் கத்துக்கலாம்.”

“இப்ப என்ன அவசரம்?”

“அவசரமில்ல. சும்மாதான்.”

அறிக்கையில் இல்லவே இல்லாத ஒரு வார்த்தையைச் சொல்லிச் சமாளித்துவிட்ட நிம்மதியில் அவர் தண்ணீர் குடிக்க அடுப்படிக்குப் போனார்.

அங்கே ஜன்னல் கண்ணாடியில், வெளிச்சத்துக்கு எதிராக, அவளுடைய எக்ஸ்ரே படம் சாய்த்து வைக்கப்பட்டிருந்தது. அவர் வீட்டுக்கு வருவதற்கு முன்பே எடுத்துப் பார்த்திருக்கிறாள். படம் பார்க்க இங்கிலீஷ் வேண்டியதில்லை.

விலா எலும்புகளுக்கு நடுவே, சட்டைப் பொத்தான் அளவில், வெள்ளையாக ஒன்று தெரிந்தது. உருண்டையாக இருந்தது.