மூன்றாவது வரி

மூன்றாவது வரி சிவப்பாக மாறியதும் "அல்ஹம்துலில்லாஹ்!" என்று கத்திவிட்டேன்.

கடலில் நிற்கும் நான்கு படகுகளின் இடங்காட்டிக் கருவிகளையும் நான் எழுதிய கணினி ஸ்கிரிப்ட் நிமிடத்துக்கு ஒருமுறை கூப்பிடும். பதில் வந்தால் கறுப்புத் திரையில் பச்சை வரி. வராவிட்டால் சிவப்பு.

பச்சை ஒழுங்காக வந்தது. சிவப்பைத்தான் ஒருநாளும் காணவில்லை. நாளை படகு முதலாளிக்குக் காட்ட வேண்டும். இல்லாத படகொன்றின் பெயரைக் கொடுத்தே சோதித்திருக்கலாம். எனக்கு உண்மையான சிவப்பு வேண்டியிருந்தது. திமிர், வேறென்ன?

மூன்றாவது படகில் மச்சான் இருந்தார், என் தங்கச்சி பஸ்மினாவின் மாப்பிள்ளை. காலையில் றேடியோவில் அவரைக் கூப்பிட்டு, கருவியின் வயரைக் கழற்றி ஐந்து நிமிடத்தில் திரும்பப் பூட்டச் சொன்னேன்.

சிவப்பைப் படமெடுத்து முதலாளிக்கு அனுப்பினேன். ஐந்து நிமிடம் போனது. அரை மணி நேரம் போனது, வரி பச்சையாகவில்லை. றேடியோவில் வெறும் இரைச்சல்.

அப்போதுதான் உறைத்தது. அந்தப் படகில் றேடியோவுக்கும் மின்சாரம் போவது அதே வயரில்தான். போன மாதம் நானேதான் பூட்டிக் கொடுத்தேன்.

மதியம், லுஹர் தொழுகைக்குப் பிறகு காற்று எழும்பியது. மற்ற மூன்று படகுகளையும் கரைக்குத் திரும்பச் சொல்லியாயிற்று. மச்சானுக்குச் சொல்ல வழியில்லை.

கடற்படைக்கு அறிவித்தோம். எந்த இடம் என்று கேட்டார்கள். கடைசியாகப் பச்சை விழுந்த இடத்தைத்தான் சொல்ல முடிந்தது. திரும்பிவந்த படகுகள் அந்த வழியாகத்தான் வந்தன. அங்கே கடல்தான் இருந்ததாம்.

பின்னேரம் அசர் பாங்கு சொல்லி முடிய, பஸ்மினா தேத்தண்ணியோடு வந்தாள். தினமும் வருவாள். இங்கிலீசு எழுத்து அவளுக்கு விளங்காது, நிறத்தை மட்டும் பார்ப்பாள்.

"பச்சதானே காக்கா?" என்று அண்ணனான என்னிடம் கேட்டாள்.

"ஓம் புள்ள, பச்சதான்."

மூன்றாவது வரியை விரலால் தொட்டுப் பார்த்தாள். நாளைக்கு அவருக்குப் பிடித்த கணவாய்க் கறி ஆக்கப்போவதாகச் சொல்லிவிட்டு, சிரித்தபடி இறங்கிப் போனாள். யா அல்லாஹ், நான் என்ன மனிதன்!

நிறம் வருகிறதா என்று பார்க்க முதல்நாள் ஒரு கட்டளை எழுதியிருந்தேன். அது எந்தப் படகையும் கூப்பிடாது. நாம் கொடுத்ததை நாம் கேட்ட நிறத்தில் அப்படியே காட்டும்.

அவள் படியேறி வரும் செருப்புச் சத்தம் கேட்டதும் திரையில் இருந்ததை அழித்துவிட்டு அதைத்தான் தட்டியிருந்தேன்.

நிறம் பிசகாமல் வந்திருந்தது.