சரிபார்த்தவர் பெயர்

மறுபடியும் திரும்பி வந்துவிட்டது.

சரிபார்த்தவர் பெயர் இல்லாததால் புவனாவின் குறிப்பு ஏற்கப்படவில்லை என்று கிருபாசங்கரின் திரையில் ஒரு வரி வந்து விழுந்தது.

பீளமேட்டு மாடியில் ஆறே பேர் வேலை பார்க்கும் கம்ப்யூட்டர் கம்பெனி அது. மில்களுக்குச் சம்பளக் கணக்கு புரோகிராம் எழுதிக் கொடுத்தார்கள். யார் எதைத் திருத்தினாலும், என்ன திருத்தினோம், யார் சரிபார்த்தார் என்று ஒரு குறிப்பு எழுதித்தான் சேர்க்க வேண்டும். ஒழுங்கில்லாத, கம்பெனி ஆள் பெயர் இல்லாத குறிப்பைத் தானாகவே திருப்பி அனுப்பும் ஏற்பாட்டை எழுதி வைத்தவன் கிருபாசங்கர்.

புவனாவின் வேலையைச் சரிபார்ப்பவனும் அவன்தான். இரண்டு வருடமாக அவள் எழுதிய குறிப்பெல்லாம் அவன் பெயரோடுதான் முடியும். ஒன்றுகூடத் திரும்பியதில்லை.

இன்று காலையிலிருந்து அந்தப் பெயரை மட்டும் அவள் எழுதவில்லை.

எதிர் மேஜை சசிதருக்கு ஒரே சிரிப்பு. "ஏனுங்க கிருபா, உங்க புரோகிராமுக்கு புவனா மேல என்னங்க கோவம்? தொரத்தீட்டே இருக்குது."

கிருபாசங்கருக்குச் சிரிப்பு வரவில்லை. போன ஞாயிற்றுக்கிழமைதான் அவன் பெற்றோர் ஆனைமலையிலிருந்து கோபியில் இருக்கும் அவள் வீட்டுக்குப் போய் அவளைப் பெண் கேட்டிருந்தார்கள். மகளிடம் கேட்டுச் சொல்வதாக அவள் அப்பா அனுப்பி வைத்தார். இன்று புதன். பதில் வரவில்லை. அவளும் நிமிர்ந்து பார்க்கவில்லை.

இதுதான் பதிலோ?

முகத்துக்கு நேரே வேண்டாம் என்று சொல்ல மனசில்லாமல், பெயரை விட்டுவிட்டாளோ?

எழுந்து அவள் மேஜைக்குப் போனான்.

"வேற யாரையாச்சும் சரிபார்க்கச் சொல்லட்டுங்களா?" மெதுவாகக் கேட்டான்.

புவனா திரையை அவன் பக்கம் திருப்பினாள்.

பெயர் எழுத வேண்டிய இடம் காலியாக இல்லை. கம்பெனியில் யாருக்கும் இல்லாத ஒரு பெயர் அங்கே இருந்தது.

'அவர்.'

அவன் அதையே பார்த்துக்கொண்டு நின்றான். அவள் விசைப்பலகையைப் பார்த்தபடி, அவனுக்கு மட்டும் கேட்கிற மாதிரி சொன்னாள்.

"எங்கூட்டுல பொம்பளைங்க வூட்டுக்காரரு பேரச் சொல்ல மாட்டாங்கன்னு, உங்க புரோகிராமுகிட்டச் சொல்லி வையுங்க."