மலையன் விழுந்த கதை

மிளகு பறிக்க ஏறிய மலையன், ஏணியின் இரண்டாம் படியிலிருந்தே தொப்பென்று விழுந்தான். அலறல் மட்டும் ஆடலூர் முழுக்கக் கேட்டது.

“ரெண்டு படி ஏறத் துப்பில்ல, ஒனக்கு மீசை வேற!” என்று திட்டியபடி அவனை ஜீப்பில் ஏற்றி மலையிறங்கினாள் மனைவி பெருமாயி. வழியெல்லாம் அவன் முனகிக்கொண்டே வந்தான்.

ஆஸ்பத்திரியில் டாக்டர் அவன் காலை அமுக்கிப் பார்த்தார். “வீக்கமே இல்லையே. அட்மிட் பண்ற அளவுக்கு ஒண்ணுமில்லப்பா.”

“பாத்தீங்களா டாக்டர், அம்புட்டும் நடிப்பு! சோலி கெடக்கு, எந்திரிய்யா!”

மலையன் எழுந்தான். நொண்டாமல் நடந்துபோய்க் கதவை மறித்து நின்றான்.

“அட்மிட் பண்ண வேண்டியது இவளைங்க. மேடு ஏறுனா நெஞ்சப் பிடிச்சுக்கிட்டு உக்காந்துடுறா. கேட்டா வாயுங்கிறா. ஆஸ்பத்திரிக்கு எத்தனை தடவ கூப்பிட்டும் வரல. அதான் நான் விழுந்தேன்.”

பெருமாயி அவனை எரித்துவிடுவதுபோல் பார்த்தாள். டாக்டர் ஸ்டெதஸ்கோப்பை எடுத்தார்.

“எத்தனை நாளா வலிக்குதும்மா?”

“வெறும் வாயுதாங்க...”

“உள்ளதச் சொல்லு பெருமாயி. நீ இல்லேன்னா நான் யாரு முன்னாடி போயி விழுவேன்?”

அவள் மெல்ல நாற்காலியில் உட்கார்ந்தாள்.

“பொங்கலுக்கு முன்னாடியிருந்தே வலிக்குதுங்க. இப்பவும் வலிக்குது.”